மேசைக்குப் போகாத ஞாயிறுகள்

"பிள்ளையக் கீழ விடு. நீ ஒண்ணும் தூக்க வேணாம்."

சண்முகத்தாய் இதை மருமகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த இட்லிக் கொப்பரையைப் பார்த்துச் சொன்னாள். ஜெபா நாத்தனாரின் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுச் சட்னி அரைக்கப் போனாள். மூன்று வருடமாக அத்தை இப்படித்தான். முதலில் நெஞ்சு வலித்தது. இப்போதெல்லாம் பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ திட்டுவதுபோல் கேட்கும், அவ்வளவுதான்.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. கோயிலில் திருவிருந்து ஆராதனை. அதிலேயே நாத்தனார் ஷெரினின் குழந்தைக்கு ஞானஸ்நானமும். குழந்தையைக் கையிலேந்தி ஞானத்தாயாக யார் நிற்பது என்பதுதான் முடிவாகவில்லை.

"மதினிதான்மா நிக்கணும்," என்றாள் ஷெரின்.

"யாரு, இவளா? ஒங்கப்பாவுக்கு ஒரே காலையில ரெண்டு தடவ இன்சுலின் போட்டு அனுப்பி வச்சாளே, இவளா? ஞானத்தாய் நிக்கிறவ திருவிருந்து எடுக்கணும்டி. இவ மூணு வருசமா பெஞ்ச விட்டு எந்திரிச்சாளா? தான் பாவின்னு அவளுக்கே தெரியுது."

எழுந்ததில்லைதான். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த மாமனார் அய்யாத்துரை இறந்ததிலிருந்து, சபையார் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்து மேசைக்கு வரிசையாகப் போய் முழங்காலிடும்போது ஜெபா மட்டும் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். குற்றமுள்ள மனசு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், கணவன் விஜய்ராஜ் உட்பட. வீட்டு ஜெபத்தில், தீமையிலிருந்து காக்கச் சொல்லி வேண்டும் இடம் வந்தால் அத்தையின் குரல் இவள் பக்கம் திரும்பி உயரும்.

ஷெரின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா... ரெண்டாவது ஊசி நான் போட்டது."

மிக்சி நின்றது.

"மதினி போட்டுட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போயிட்டாக. நான் போன் பேசிக்கிட்டே, இன்னும் போடலன்னு நெனச்சு... கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. நீ வாயத் தெறக்காத, நான் பாத்துக்கிறேன்னு மதினிதான்..."

கொப்பரை அது பாட்டுக்குக் கொதித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

"அப்ப ஏன் ஆத்தா நீ மேசைக்குப் போகல?" சண்முகத்தாயின் குரல் உடைந்திருந்தது.

ஜெபா கையைத் துடைத்தாள். "பொய் சொன்னேன்ல அத்தை. தெனமும் அதையே காப்பாத்திக்கிட்டு, எந்தக் கையால அப்பத்த வாங்குறது? உண்மையச் சொன்னா இவ வாழ்க்கை போயிரும். அதான் உக்காந்துட்டேன்."

சண்முகத்தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். தோள் நனைந்தது. "நான் ஒன்னய என்ன பாடு படுத்திட்டேன்... மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு ஆத்தா..."

ஜெபாவின் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அழுகை வருமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"இப்பச் சொன்னா அதுவும் பொய்யாயிரும் அத்தை. மனசுல வந்ததும் சொல்றேன்."

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வரட்டும். அதுவரைக்கும் நானும் மேசைக்குப் போகல."

"ஞானஸ்நானத்த அடுத்த மாசம் வச்சுக்கலாம்," என்றாள் ஷெரின். "போதகர்கிட்ட நானே போய் எல்லாத்தையும் சொல்லிர்றேன். அப்புறந்தான் மேசைக்கு."

அன்று சபையார் வரிசையாக முன்னே போனபோது, ஒரே பெஞ்சில் மூன்று பெண்கள் எழுந்திருக்கவில்லை. போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபா கொஞ்சம் நகர்ந்து, அத்தைக்குச் சாய்ந்துகொள்ள இடம் விட்டாள்.