ஏழாம் வரிசை

திங்கட்கிழமை காலை காளிதாஸ் யார்டுக்குள் நுழைந்தபோது ஏழாம் வரிசையில் ஓர் இடைவெளி இருந்தது.

பெரிய இடைவெளி ஒன்றும் இல்லை. ஓர் ஆள் தோளை ஒடுக்காமல் நிற்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த யார்டில் அப்படி ஓர் இடம் இருக்கக் கூடாது. கூலாய் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், அடுக்குமாடி வீடுகளுக்கான சுவர்களை முழுசாக வார்த்து, காயவைத்து, லாரியில் ஏற்றி சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். லாரி வரும்வரை அவை பதினான்கு வரிசை இரும்புத் தாங்கிகளில், அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொன்றும் ஏழு டன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண். அந்த ஒரு சாணை இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டிய காளிதாஸின் கைதான் அளந்து வைத்திருந்தது.

இப்போது கிரேனில் ஆள் கிடையாது. தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் அந்த மஞ்சள் ராட்சதன் தானாகவே போய், தானாகவே தூக்கி, தானாகவே அடுக்கியது. காளிதாஸ் உட்கார்ந்திருந்த கேபினில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அவனுக்கு, சுவர் வரிசைகளைச் சுற்றிப் போட்ட வேலியின் கதவு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஏதாவது தவறாக நடந்தால் அதை அமுக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அமுக்க வேண்டி வரவில்லை.

அவன் வாக்கி-டாக்கியை எடுத்தான்.

"வேலு, ஏழுல ஒரு கேப் இருக்கு. பார்த்தியா?"

"ஏழா? இங்க ஃபுல்லுன்னு காட்டுது மச்சான்." வேலுவின் குரலுக்குப் பின்னால் ஏர்கான் இரைந்தது. "மேல வா. தின்ன காரிபாப் வாங்கியாந்திருக்கேன்."

வேலுவும் காளிதாஸும் ஒரே தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். ஒன்றாகத்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். கிரேனில் காளிதாஸ் கெட்டிக்காரன் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலு சங்கிலி மாட்டுவான், கீழே நின்று கை காட்டுவான். புதுக் கிரேனுக்கு வேலை பழக்க வேண்டும் என்று இஞ்சினியர் லியோங் வந்தபோது, காளிதாஸின் கேபினில்தான் சிவப்பு விளக்கு எரியும் ஒரு கருவியைப் பொருத்தினார். மூன்று மாதம் அவன் கை அசைந்த ஒவ்வோர் அசைவையும் அது பதிந்துகொண்டது. உன் கைதான் நல்ல கை என்று லியோங் தோளில் தட்டினார். புதுக் கிரேனை மேலிருந்து கண்காணிக்கும் கண்ட்ரோல் ரூம் நாற்காலி தனக்குத்தான் என்று காளிதாஸ் வீட்டில் சொல்லிவிட்டான்.

நாற்காலி வேலுவுக்குப் போனது. வேலு பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவன். திரையில் வரும் ஆங்கிலத்தை வாசிப்பான். காளிதாஸ் மூன்றாம் படிவத்தோடு நின்றவன்.

அவன் இரும்புப் படியேறிக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனான். கைப்பிடி வைத்த நாற்காலியில் வேலு சாய்ந்திருந்தான். வெள்ளை ஹெல்மெட் மேசைமேல் இருந்தது. அவன் சட்டையில் அச்செண்ணெய் வாசனையே இல்லை. சோப்பு வாசனை.

"இங்க பாரு லா," என்று வேலு திரையைத் தொட்டான். "ஏழாவது வரிசை, பதினோராவது இடம். ஃபுல்லு. ஆனா வெயிட்டைப் பாரேன். எழுபத்தெட்டு கிலோ." அவன் சிரித்தான். "சுவர் பேனலா, நானா? நானே அவ்ளோதான் இருப்பேன்."

காளிதாஸ் காரிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். கடிக்கவில்லை.

ஏழாவது வரிசை, பதினோராவது இடம். அந்த இடம் அவனுக்குத் தெரியும்.

நாற்காலிக்கு வேலுவின் பெயரை அறிவித்த நாள். காளிதாஸ் கேபினில் ஒரு சுவரைத் தூக்கி வைத்திருந்தான். கீழே, அதே இடத்தில், வேலு புது வெள்ளை ஹெல்மெட்டோடு வந்து நின்று, அதைக் கழற்றி, மேலே பார்த்து ஆட்டிக் காட்டினான். பிள்ளைமாதிரி சிரித்தான். அப்போது காளிதாஸின் கை லீவரை முன்னால் தள்ளியது. ஒரு விரல் அகலம். தள்ளியதும் அவனே பின்னால் இழுத்துவிட்டான். சுவர் லேசாக ஆடி நின்றது. வேலுவுக்கு எதுவும் தெரியாது. யாருக்கும் தெரியாது. கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றான் வேலு.

"ஒண்ணுமில்ல. வெயில்."

செவ்வாய்க்கிழமை காளிதாஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஏழாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரேன் இரண்டாம் வரிசைக்குப் போனது, பன்னிரண்டுக்குப் போனது, சுவரை இறக்கியது, கொக்கியை விடுவித்தது. சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும் சத்தம், ஈரச் சிமெண்டின் வாசனை, காற்று திரும்பும்போது செம்பனை ஆலையிலிருந்து வரும் அந்தப் புளித்த நெடி, எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் நடுவே கிரேன் ஏழாம் வரிசைக்கு மேலே வந்து, அந்த இடைவெளிக்கு நேராக நின்று, வெறுங்கையோடு ஒரு விரல் அகலம் முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

அவன் கைமாதிரியே.

வேலுவிடம் சொல்ல வேண்டும் என்று புதன்கிழமை படியேறினான். கதவு வரைக்கும் போனான். சொல்வதென்றால் அன்றைக்குத் தன் கை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி வழியே வேலு தெரிந்தான். நாற்காலியில் மெல்ல ஆடிக்கொண்டு, லியோங்கோடு போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். காளிதாஸ் இறங்கிவிட்டான்.

வியாழன் சாயங்காலம் அவன் மனைவி பிரேமலா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "கோயில்ல வேலு அண்ணனைப் பார்த்தேன். ஆளே மாறிட்டாங்க. கையைப் பார்த்தீங்களா, ஆபீஸ்காரவங்க கை மாதிரி ஆயிடுச்சு. அவங்க சம்சாரம் கஸ்தூரிக்கு ஒரே பெருமை."

காளிதாஸ் தன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு. உள்ளங்கையில் லீவர் பிடித்த காய்ப்பு இன்னும் போகவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு வேன் வந்தது. யார்டில் வேலை செய்யும் ரஹ்மானும் பங்களாதேஷ்காரர்களும் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். ஆபீஸ் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். யார்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மேகம் இறங்கி வந்து, பட்டப்பகல் சாயங்காலம்போல் மங்கிக் கிடந்தது.

வேலு படியிறங்கி வந்தான். கையில் ஒரு துணி.

"ஏழாவது வரிசைல தப்பா வெயிட் காட்டுற அந்தச் சென்சாரைத் தொடைச்சிட்டு வந்துடறேன். அழுக்காத்தான் இருக்கும். லியோங் திங்கக்கிழமை வர்றாரு, அசிங்கமா இருக்கும்."

"இப்பப் போகாத," என்றான் காளிதாஸ்.

"ஏன்?"

காளிதாஸ் வானத்தைப் பார்த்தான். "மழை வருது."

"அலமாக், மழைக்கா பயப்படற?" வேலு வேலிக்கதவைச் சாவி போட்டுத் திறந்து, அப்படியே விட்டான். "மெஷினை நிப்பாட்டிட்டேன். மெயின் சுவிட்சே ஆஃப். நீ பட்டன்கிட்ட நில்லு, போதும். நீ இருக்கறப்ப எனக்கென்ன?"

அவன் உள்ளே நடந்தான். வெள்ளை ஹெல்மெட் சுவர்களுக்கு நடுவே மறைந்தும் தெரிந்தும் போனது.

காளிதாஸ் மேலே பார்த்தான். கிரேன் கடைசி வரிசைக்கு மேலே, விளக்கெல்லாம் அணைந்து நின்றது. அதன் பிடியில் ஒரு சுவர் தொங்கியது. காலையில் அங்கே சுவர் இல்லை.

அவன் பொத்தானை அமுக்கினான். அது உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

கிரேன் நகர்ந்தது.

மோட்டார் சத்தம் இல்லை. எச்சரிக்கை மணி இல்லை. தண்டவாளம்கூட முனகவில்லை. ஏழு டன் சுவர் காற்றில் மிதந்து வந்தது. பதின்மூன்றாம் வரிசை. பத்து. எட்டு. அவன் பொத்தானை அடித்தான். மறுபடி அடித்தான். கை வலித்தது.

வேலு இடைவெளிக்குள் நின்று, குனிந்து, சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை. மடிப்புக் கலையாத சட்டை.

கத்தினால் போதும். ஓர் அடி எடுத்து வைத்தால் வெளியே வந்துவிடுவான். காளிதாஸ் மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். அவன் கண் அந்தச் சட்டை மடிப்பில் நின்றது.

ஒரு மூச்சு நேரம்.

அவன் கத்தவில்லை.

சுவர் இடைவெளியின் வாயை அடைத்துக்கொண்டு இறங்கி நின்றது. தரை லேசாக அதிர்ந்தது. அவன் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"காளி?" வேலுவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இருட்டாயிடுச்சுடா. யாரு மூடினது?"

காளிதாஸின் கை இடுப்புவரை போய் அங்கேயே நின்றது.

"காளி, சுவர் கிட்ட வருது. பட்டனை அமுக்கு. காளி, நீ அங்கதான இருக்க?"

பிறகு கரகரப்பு மட்டும். பிறகு அதுவும் இல்லை. ஏழாம் வரிசையில் இப்போது ஒவ்வொரு சுவருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. சரியாக ஒரு சாண்.

எப்படிப் படியேறினான் என்று அவனுக்குத் தெரியாது. கிரேனைத் தூக்க வைக்க வேண்டும், சுவரை எடுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. கண்ட்ரோல் ரூமில் மெயின் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் இருந்த எந்தச் சொல்லும் அவனுக்குப் புரியவில்லை. வேலுவின் நாற்காலியில் விழுந்தான். கைப்பிடிகள் அவன் முழங்கைக்குச் சரியாகப் பொருந்தின. இருக்கை மெத்தென்று இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் உடம்பு அதில் சுகமாகச் சாய்ந்தது.

வெளியே கிரேன் அவன் பக்கம் திரும்பியது.

மழை அறைந்துகொண்டு வந்தது. அதோடு வேனும் வந்தது. ரஹ்மான் முதலில் இறங்கினான். பின்னால் ஆறு பேர். வழக்கமாக வேலியைச் சுற்றித்தான் கேண்டீனுக்குப் போவார்கள். இன்றைக்கு வேலிக்கதவு திறந்து கிடந்தது. நனையாமல் குறுக்கே ஓடிவிடலாம் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

காளிதாஸ் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கி மைக்கைப் பிடித்தான். "லாரி! லாரி!" மலாயில் லாரி என்றால் ஓடு. அவன் அலறினான். மழையில் குரல் கரைந்தது. ரஹ்மான் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்துக் கை ஆட்டினான். வேலு என்று நினைத்துக்கொண்டான்.

ரஹ்மான். அடுத்த மாதம் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறான். நாற்பதுகூட ஆகவில்லை. கொடுத்து வைத்தவன்.

மூன்றாம் வரிசையில் ஒரு சுவர் விலகியது.

வேண்டாம். நினைக்காதே. அவன் பார்வையை அடுத்தவனுக்குத் திருப்பினான். ஷாஹித். மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று எல்லாரிடமும் படம் காட்டினவன். நான்காம் வரிசை விலகியது. நினைக்காதே. அந்தக் கடைசிப் பையன், கல்யாணமாகி ஒரு மாதம், எப்போது பார்த்தாலும் சிரிப்பு. விலகியது. நினைக்காதே, நினைக்காதே. கண்ணை இறுக மூடினான். மூடினால் முகங்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொருவனிடமும் தன்னிடம் இல்லாதது ஏதோ ஒன்று இருந்தது. திறந்தான்.

மழை சாய்ந்து அடித்தது. அவர்களால் ஓட முடியவில்லை. ஒதுங்க இடம் தேடினார்கள். இடம் இருந்தது. ரஹ்மான் முதல் இடைவெளிக்குள் புகுந்து முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். அடுத்தவன் அடுத்ததில். ஏழு இடைவெளி. ஏழு பேர். ஆளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

மழைக்குத் தப்பிய சந்தோஷத்தில் ஏழு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ட்ரோல் ரூம் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக் கை ஆட்டினார்கள்.