இத்தா வீட்டில் ஒரு சிக்னல்!

"ஐயோ... கட் பண்ணாதீங்கம்மா!"

ஷமீனாவின் அலறல் செம்மண்டலம் வீட்டுச் சுவர்களில் மோதித் திரும்பியது.

லேப்டாப் திரையில் சிதம்பரம் கோர்ட்டின் பெண் நீதிபதி உறைந்து நின்றார். பாதி திறந்த வாய். பாதி மூடிய கண்கள்.

பிறகு அந்த முகமும் போயிற்று.

கறுப்புத் திரை!

இது மூன்றாவது முறை. சாட்சி சொல்ல வாயைத் திறக்கிறாள்... இணைப்பு அறுந்து போகிறது. யாரோ பக்கத்தில் நின்று அறுப்பது மாதிரி!

அவள் கணவன் தமீம் அன்சாரி. விசா வாங்கித் தருவதாக ஊர்க்காரர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அவர்களுக்குப் பயந்து ஓடியவன். பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் பிணமாக ஒதுங்கினான். மீன் தின்ற முகம். கையில் இருந்த வாட்ச்தான் அடையாளம் காட்டியது.

கைதானது ஷமீனாவின் அண்ணன் ஹபிபுல்லா. விசா தகராறில் கடைத்தெருவில் வைத்து தமீமின் சட்டையைப் பிடித்தவர்!

ஆனால் கொலை நடந்ததாக போலீஸ் சொல்லும் அந்த மாலையில், அண்ணன் இந்த வீட்டுக் கூடத்தில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது ஷமீனாவுக்குத் தெரியும். மாமியார் ஆசியா உம்மாளுக்கும் தெரியும். கேட்டால், 'ஞாபகம் இல்லை' என்கிறார்.

ஆக, ஒரே சாட்சி ஷமீனா.

அவளோ இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்த பெண், நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நியதி. அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது. அதனால்தான் கோர்ட் காணொளியில் பேச அனுமதித்தது.

பக்கத்துத் தெரு ஜான்சி தரையில் சம்மணமிட்டு ரவுட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீடுகளுக்கு இன்டர்நெட் இழுத்துத் தருபவள். ஆண்கள் நுழைய முடியாத வீடு என்பதால் அவளை அழைத்திருந்தார்கள்.

ஜான்சியின் செல்போன் அலறியது. ஸ்பீக்கரில் அண்ணனின் வக்கீல் கனிமொழி.

"என்ன ஷமீனா நடக்குது அங்க? இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான் தருவாங்களாம். அதுவும் கட்டாச்சுன்னா உங்க சாட்சியே வேணாம்னு முடிச்சிருவாங்க. உங்க அண்ணனுக்கு அதோட ஜாமீன் கிடையாது... அப்புறம் ஆயுள்தான்!"

"நேர்ல வந்துர்றேன் மேடம்!"

"நீங்க சிதம்பரம் வந்து சேர்றதுக்குள்ள கோர்ட்ட பூட்டிருவாங்க. லைனைச் சரி பண்ணுங்க!"

போன் கட்டானது.

"ஜான்சி, உன் போன்லயே பேசிரட்டுமா?"

"கோர்ட் லிங்க் உங்க மெயில்ல இருக்குக்கா. தொறந்தா உங்க போனுக்குத்தான் கோட் வரும்."

"என் போன் போலீஸ்கிட்ட கெடக்கே..."

"அப்புறம்? ஏற்கெனவே தொறந்து வெச்ச இந்த லேப்டாப்தான் கதி. ரவுட்டர மாத்திப் பாத்தேன். வயர மாத்தினேன். என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுத்தேன். அதையும் வுட்டுட்டு ஓடுது சனியன்!"

கூடத்து மூலையில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்த ஆசியா உம்மாள் தலையைத் தூக்கினார்.

"நான்தான் சொன்னேனேம்மா... மய்யித்தானவனோட ருஹு, அந்த ஆவி, நாப்பது நாள் வூட்டத்தான் சுத்தும். நீ சாட்சி சொல்றது அவனுக்குப் புடிக்கல."

ஷமீனா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நேற்று மாடிப்படிப் பக்கம் தமீமின் அத்தர் வாசம் அடித்தது நினைவுக்கு வந்தது.

தொப்!

தலைக்கு மேல் ஏதோ விழுந்தது.

"மா... மாமி... மேல யாரு?"

"பூனைம்மா."

"ரூமு பூட்டியிருக்கே?"

"பூனைக்குப் பூட்டு ஒரு கேடா? நீ மேல போவாதே. அக்கம்பக்கத்து ஆம்பளைங்க கண்ணு படும்."

ஜான்சி லேப்டாப்பை மடியில் இழுத்தாள். பழைய இணைப்புகளின் பதிவைத் திறந்தாள். விரல் பாதியில் நின்றது.

"மாதாவே..."

"என்ன ஜான்சி?"

"இது தானா அறுந்து போவல. வேற ஒரு ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவுது. இங்க சிக்னல் ஒரு கோடுதான், அதான் தாவினதும் செத்துப்போவுது. பேரப் பாருங்க..."

ஷமீனா பார்த்தாள்.

*தமீம் அன்சாரி.*

கழியில் மூழ்கியதாக போலீஸ் எழுதிய செல்போன்!

"இவரு ஹாட்ஸ்பாட்ட முதல்ல புடிக்கிற மாதிரி யாருக்கா வெச்சது?"

"அவருதான்... கரண்ட் போனாலும் வேல நிக்கக்கூடாதுன்னு..."

"அக்கா, செத்தவங்க ஹாட்ஸ்பாட் போட மாட்டாங்க. லேப்டாப்பத் தூக்குங்க!"

ஷமீனா தூக்கினாள். கூடத்தில் ஒரு கோடு. நடையில் இரண்டு. மாடிப்படியின் அடியில்... மூன்று!

ஆசியா உம்மாள் பாய்ந்து வந்து படியை மறித்தார்.

"போவாதே! எம் புள்ள பொழங்குன ரூமு... நெஞ்சு தாங்காது!"

"எங்க அண்ணன் ஜெயில்ல கெடக்குறாரு மாமி. வழிய வுடுங்க!"

"சொன்னா கேளு புள்ளே!"

ஷமீனா கேட்கவில்லை. மாமியாரின் இடுப்புச் சாவியைப் பிடுங்கினாள். படிகளில் ஓடினாள். பின்னால் ஸ்க்ரூடிரைவருடன் ஜான்சி.

கதவு முன்னால் நின்றாள். நான்கு கோடுகள். முழு சிக்னல்! உள்ளே மெல்லிய சிரிப்புச் சத்தம்...

சாவி திரும்பியது.

கட்டிலில் கால்மேல் கால் போட்டு, காதில் ஹெட்போனோடு, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்த டேப்லெட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது...

தமீம் அன்சாரி!

கொஞ்சம் பெருத்திருந்தான்.

"உம்மா, தண்ணி கேட்டு எவ்ளோ நேரம்..." என்று திரும்பியவனின் முகம் வெளுத்துப்போனது.

"ஷ... ஷமீனா! கத்தாதே! நான் யாரையும் கொல்லல. அது யாரோ அனாதைப் பொணம், கழியில ஒதுங்கிக் கெடந்துச்சு. என் வாட்ச்ச மட்டும்தான் கட்டிவுட்டேன்!"

"இங்கயா இருந்தீங்க... இத்தன நாளும்?"

"வேற எங்க போவ? இத்தா வூட்டுக்குள்ள எந்த ஆம்பள போலீசு வருவான்? விசா கேட்டு எவன் கதவ இடிப்பான்? உன் இத்தா முடியறதுக்குள்ள கேரளா பக்கம் போயிரலாம்னு..."

"எங்க அண்ணன்?"

"கொஞ்ச நாள் உள்ள இருந்தா தேய்ஞ்சா போயிருவாரு?"

ஷமீனாவின் கண்ணில் நீர் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

டிங்!

அவள் கையிலிருந்த லேப்டாப் உயிர்பெற்றது. தமீமின் ஹாட்ஸ்பாட்டில், தமீமின் செலவில், கண்ணாடி மாதிரித் தெளிவாக நீதிபதியின் முகம்.

"ஷமீனா பேகம்... இப்பவாவது லைன் சரியா இருக்கா?"

"பிரமாதமா இருக்கும்மா!"

தமீம் கட்டிலுக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தான். ஜான்சியின் ஸ்க்ரூடிரைவர் அவன் மூக்குக்கு நேராக நின்றது.

"நல்லா யோசிச்சு, உண்மையைச் சொல்லுங்க. இறந்துபோன உங்க கணவரைக் கடைசியா உயிரோட எப்பப் பாத்தீங்க?"

ஷமீனா லேப்டாப்பைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

"இப்பப் பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்... நீங்களும் பாருங்க, மேட்ச்ல இன்னும் நாலு ஓவர் பாக்கியிருக்கு!"