செத்த நரிக்கு ஊசி

செத்துப்போன நரிக்குத் தடுப்பூசி போட்ட டாக்டர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று அந்த ரிட்டயரான கால்நடை டாக்டர் மார்தட்டுவார். ஊசி போட்டதும் அது தலையாட்டி நன்றி சொன்னதாகக்கூடச் சில நாள் சேர்த்துக்கொள்வார். அவர் அளப்பதையெல்லாம் முதலில் மறுக்கிறவன் அவருடைய மச்சான்தான். அவனும் அன்றைக்கு அங்கே இருந்தான்.

மழை இருட்டிக்கொண்டு வந்த மாலை. மச்சான் வாங்கியிருந்த புது நாய்க்குட்டிக்கு ஊசி போட, மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தார். மூலையில் பழைய நாய். டிஸ்டெம்பர் என்கிற தொற்றுநோய் வந்து பிழைத்தது. தூக்கத்திலும் அதன் பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் அத்தான். வீட்டுக்குள்ளயே கிடக்கறதுக்கு எதுக்கு ஊசி?"

டாக்டர் போட்ட சத்தத்தில் மூன்று தெருவுக்கு ஜன்னல் அதிர்ந்தது.

"போன தடவையும் இதையேதான்டா சொன்ன! நோய் வந்த நாய் தின்னாம விட்ட சோத்தை, பாவம்னு பின்சுவர் ஓட்டை வழியா அந்தப் பக்கத்துப் பூங்கா நரிங்களுக்கு வச்ச. பெரிய புண்ணியவான்! உன் நாய் பிழைச்சுது. நரி ஒண்ணுகூட மிஞ்சல. நுரை தள்ளி, பல்லைக் கடிச்சுக்கிட்டு, நடுரோட்டுல சுத்திச் சுத்திச் செத்துதுங்க!"

"கேவலம் நரிக்காக என்னைத் திட்டறீங்க. அக்காகிட்ட சொல்றேன் பாருங்க."

"சொல்லு. வந்து உன்னைத்தான் மொத்துவா."

கரண்ட் போனது.

ஈர மயிர் நாற்றம்.

பின்பக்கம் டக், டக், டக். பல்லோடு பல் அடிக்கிற சத்தம்.

பழைய நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

"எலியா இருக்கும்," மச்சான் கிசுகிசுத்தான்.

"எலிக்கு இவ்வளவு பெரிய பல்லா?"

டாக்டர் பின்பக்கம் போய் டார்ச் அடித்தார். சுவர் ஓட்டையில் ஒரு நரித் தலை. கண் நிறையப் பீளை. வெறும் காற்றை மென்றுகொண்டிருந்த தாடை. டார்ச் வெளிச்சம் அந்தத் தலையை ஊடுருவி, பின்னால் இருந்த செங்கல்லைக் காட்டியது.

அது கழுத்தை நீட்டியது. கையிலிருந்த ஐஸ் பெட்டியை நோக்கி.

"இப்ப வந்து ஊசி கேக்குது பாருடா!" கோபத்தில் டாக்டரின் குரல் உடைந்தது.

பிடரியைப் பற்றினார். விரல்கள் மரத்துப்போயின. ஊசியை இறக்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் மருந்து உள்ளே போனது.

தாடை நின்றது.

கரண்ட் வந்தபோது ஓட்டை காலி. டாக்டர் கையில் காலி ஊசி.

"உங்க அக்கா இதைப் புளுகும்பா," என்றார். "நீ என்னடா சொல்லுவ?"

மச்சான் குட்டியை நெஞ்சோடு இறுக்கியபடி ஓட்டை வழியே பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டீங்க அத்தான். நான் பாத்தேன். முதல்ல இந்தக் குட்டிக்குப் போட்டுடுங்க. வெளிய இன்னும் வரிசையா நிக்குதுங்க."