பட்டி பார்த்த கிண்ணம்

மழை அடித்துப் பெய்த அவசரத்தில், கையில் இருந்த மரக்கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள் சுருள். ஒன்றை மறந்துவிட்டாள்... அந்தக் கிண்ணத்தின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்காகத்தானே அதைக் குப்பைத்தொட்டியில் போடக் கிளம்பியதே!

உச்சந்தலையில் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. எதிரே இருந்த கார் பட்டறையின் கூரைக்குக் கீழே போய் நின்றாள். உள்ளே ஒரு கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னங்க அது... புனலா?”

அவன் வாய் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணும் சேர்ந்து சிரித்தது. மழை வெளிச்சத்தில் தேன் நிறமாகத் தெரிந்த கண்கள்... சுருளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சல்தான். எரிச்சல் மட்டும்தானா என்பது அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

“கிண்ணம்ங்க. கண்ணு தெரியலையா?”

“கிண்ணம்னா தண்ணி உள்ளே நிக்கணுமே... இது உங்க கழுத்துல இல்ல இறங்குது!”

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ, பொலபொலவென்று அழுதுவிட்டாள். பெயிண்டர் பதறிப்போனான். அவன் கேட்கக் கேட்க, விஷயம் முழுவதையும் கொட்டினாள்.

அவள் அண்ணன் நாற்காலிக் கால் கடையும் பட்டறை வைத்திருக்கிறார். அதன் ஒரு மூலையில், ஒரு பழைய கடைசல் மெஷினில், அவள் தன் இஷ்டத்துக்குக் கிண்ணமும் குடுவையும் கடைவாள். தலைமுடியில் எப்போதும் மரச்சுருள் ஒட்டியிருப்பதால் வந்த பெயர்தான் சுருள். ‘இந்த வருஷக் கைவினைக் கண்காட்சியில உன் சாமான் ஒண்ணு ஏறட்டும், அந்த மூலை உனக்கே உனக்கு. ஏறலைன்னா அங்க ரம்பம் போட்டுடுவேன்’ என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே நல்ல தேக்குக் கட்டையாகப் பார்த்து எடுத்தாள். இன்னும் ஒரு சீவல், இன்னும் ஒரே ஒரு சீவல் என்ற பேராசை கடைசல்காரர்களுக்கே உரிய வியாதி... உளி அடியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டது.

“குடுங்க, நான் பார்க்கிறேன்,” என்றான் பெயிண்டர். “ஓட்டையை மறைக்கிறது எனக்குக் கைவந்த கலை.”

தூக்கிப் போடப் போவதுதானே என்று கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அதைப் பழைய துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்தான். பிரித்தாள். நீலம்! புதுக்கார் மாதிரி பளபளக்கும் நீலம்.

“ஓட்டை எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!”

“ஓட்டை தெரியலை. மரமும்தான் தெரியலை. பட்டி டிங்கரிங் பார்க்க இது என்ன பஸ்ஸா?”

அவன் முகம் வாடிப்போயிற்று. “அடிபட்டது தெரியாம ஆக்குறதுதாங்க என் தொழில். ஆசையா செஞ்சேன்...” என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான்.

போகட்டுமே! கிண்ணத்தை மெஷினில் பூட்டினாள். பெயிண்டைச் சீவி எறிவதற்காக உளியை வைத்து ஒரு சீவல் எடுத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. நீலத்துக்கு அடியில் சாம்பல் நிறம், சாம்பலுக்கு அடியில் ஓட்டையை அடைத்த பட்டிப் பசையின் வெளிர் மஞ்சள், அதற்கும் அடியில் மரம்... வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று.

கிண்ணமாக இருந்தால்தானே ஓட்டை ஒரு குறை? இதையே பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தினால்...? ஓட்டையை நடுவில் விட்டு, சுற்றிலும் நிறம் நிறமாக வளையம் ஓடவிட்டால்...? ஒரு சிலை போல நிற்குமே!

ஆனால் அதற்குப் பெயிண்டர் வேண்டும். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? எதிர்ப்பட்டறையைப் பார்ப்பாள், பார்த்ததை மறைக்க உளியைத் தீட்டுவாள். பாவம், உளி தேய்ந்ததுதான் மிச்சம்.

“வாய் பேசிடுச்சுல்ல... இப்ப கால் நடக்கணும்,” என்றாள், இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த அண்ணி.

நடந்தாள்.

“பெயிண்டைக் கோட்டுக்கு மேல கோட்டா அடிச்சுத் தரணும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு... தடிமனா. அப்புறம் நான் அதைச் சீவுவேன்.”

“நான் வழவழன்னு அடிப்பேன்... நீங்க என் கண்ணு முன்னாடியே சுரண்டுவீங்களா?”

“கண்ணை மூடிக்குங்க.”

“மரம் தெரியலைன்னு அந்தக் குதி குதிச்சீங்க?”

“குதிச்சேன். தப்புதான். போதுமா?”

அவன் அவளையே பார்த்தான். அந்தத் தேன்கண்கள் மறுபடி சிரித்தன. “போதும்ங்க,” என்றான் மெதுவாக.

முதல் தடவை, காய்வதற்குள் உளியை வைத்துவிட்டாள். பெயிண்ட் மொத்தமும் தோலாக உரிந்து வந்தது. திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவனோ, “மறுபடி அடிக்கிறேன்,” என்றான். மறுபடி அடித்தான். மறுபடி சீவினாள். விட்டேனா பார் என்று இரண்டு பேரும் நின்றார்கள். அடியில் இருந்த பட்டியை அவள் குடைந்து எடுத்து, ஓட்டையை இன்னும் பெரிதாகவே திறந்துவிட்டாள். சரியாக வந்திருக்கிறதா என்று தூக்கி அதன் வழியே பார்த்தபோது, அந்தப் பக்கம் அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்... இரண்டு பேருமே கண்ணை எடுக்கவில்லை.

“பெயிண்ட் ஆளுக்கு இங்க என்ன வேலை?” அண்ணன் குரல்! “இதோ பாரும்மா, ரெண்டு பேர் செஞ்சா அது உன் சாமான் ஆகாது. அப்புறம் மூலையை மறந்துடு.”

அண்ணன் போனதும் பெயிண்டர் தூரிகைகளை எடுத்துக்கொண்டான். “என்னைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க மூலைதான் முக்கியம்.”

கண்காட்சிக் கூடத்தில் கனமான கறுப்புப் பீடத்தின் மேல் அது நிமிர்ந்து நின்றது. ஓட்டையைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வளையமாக விரிந்து, விளிம்பில் தேக்காக முடிந்தது. பொருட்களைத் தேர்ந்தெடுக்கும் அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“நடு மேசையில வைங்க. யார் செஞ்சது?”

“என் தங்கச்சி!” அண்ணன் முந்திக்கொண்டார்.

தலையாட்டினால் போதும், மூலை அவளுக்கு. ஓரமாக நின்றிருந்த பெயிண்டர் வாசல் பக்கம் நழுவுவது தெரிந்தது. சுருள் அவனைக் கை காட்டினாள்.

“நான் மட்டும் இல்லைங்க. அதோ போறாரே... அவரும்தான். நிறமெல்லாம் அவர் கைவேலை.”

அண்ணன் முகம் கறுத்தது. கறுக்கட்டும். பொய் சொல்லி வாங்கிய மூலையில் அவளால் உளி பிடிக்க முடியாது.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

உறவு விசாரிக்க எல்லோரும் கேட்கும் கேள்விதான். மாமா, மச்சான் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் முடிந்தது. சுருளுக்கு அந்த நேரத்தில் உறவு எதுவும் வாயில் வரவில்லை. மனதில் இருந்ததுதான் வந்தது.

“அவர்தான் வேணும்.”

வாசலில் பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டான். காது மடல் சிவக்கத் திரும்பினான்.

“எனக்கும்... சுருள்தான் வேணும்ங்க.”

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உங்க தங்கச்சியாச்சே, பொய் சொல்ல வருமா?” என்று அண்ணனை இடித்தாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரம்பத்தை வேற எங்கயாவது போட்டுக்கிறேன். அங்க என்ன நிக்கிறீங்க மாப்ளே... நடு மேசைக்குத் தூக்கணும், இது கனமா இருக்கு, வந்து ஒரு கை பிடிங்க!”

பெயிண்டர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் பிடிக்க அண்ணன் குனிவதற்குள் சுருள் பிடித்துவிட்டாள்.