நாற்காலியை மறைக்காதீர்கள்

மழை வரும்போல இருந்த ஒரு பிற்பகலில் டெய்லரம்மா அருங்காட்சியகத்தின் படிகளில் ஏறினாள். வாசலில் பெரிய பதாகை தொங்கியது. அதில் ஒரு பொம்மைக் காவல்காரன் கையில் லாந்தரைத் தூக்கிப் பிடித்தபடி யாரையோ தேடிக்கொண்டிருந்தான். கீழே, மறைந்த பொம்மலாட்டக்காரரின் கண்காட்சி இன்றோடு முடிகிறது என்று எழுதியிருந்தது.

அண்ணன் மகள்தான் இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் வாசலில் நின்றபோது போன்தான் வந்தது.

"அத்தை, மீட்டிங் இழுத்துக்கிட்டே போகுது. நீங்க உள்ள போய்ப் பாருங்க, ப்ளீஸ்."

"நான் ஒத்தையில போய் என்னத்தடி பாக்கிறது? வீட்டுக்கே போறேன்."

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க? தையல் மெஷின்கூடப் பேசுவீங்க. ஒரு நாளைக்கு பொம்மைகூடப் பேசிட்டு வாங்க. அது ஒண்ணும் கடிக்காது."

டெய்லரம்மா சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பும் நின்றது. கணவர் போனபிறகு அவளுடைய எல்லாச் சிரிப்பும் இப்படித்தான், போனை வைத்ததும் நின்றுவிடும்.

உள்ளே கூட்டம் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பொம்மைகள் வரிசையாக நின்றன. ராஜா, திருடன், பல் இல்லாத புலி, மூக்கு நீண்ட வக்கீல். அவள் முகங்களைவிட உடுப்புகளைத்தான் பார்த்தாள். முன்பக்கம் மட்டும் சரிகையும் மணியுமாக இருந்தது. முதுகுப்பக்கம் பழைய வேட்டித் துணி. பார்க்கிறவர்களுக்கு முன்பக்கம் போதும் என்று பொம்மலாட்டக்காரர் விட்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை ஜாக்கெட்டுக்கு உள்துணியில் அவளும் இதையே செய்திருக்கிறாள்!

கடைசிக் கூடத்தில் வெளிச்சம் குறைவு. மரம், பழைய வார்னிஷ், மூடிக்கிடந்த துணி எல்லாம் கலந்த வாசனை. எதிர்ச்சுவரில் அவருடைய சின்ன மேடையை அப்படியே நிறுத்தி, அதன் திரையில் அவருடைய ஆட்டம் ஒன்றைப் படமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காவல்காரப் பொம்மை காட்டுக்குள் லாந்தரோடு நடந்தான். கழுத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட நீலத் துணி ஒன்றைச் சுற்றியிருந்தான்.

மேடைக்கு முன்னால், தரையில், சிவப்பு வண்ணம் அடித்த ஒரு சின்ன மர நாற்காலி. குழந்தைகள் உட்காருகிற அளவு.

டெய்லரம்மா நன்றாகப் பார்ப்பதற்காகக் கிட்டே போய் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாற்காலியை மறைக்காதீங்க."

கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல் பணியாள் பெண் சொன்னாள். நாற்பது வயது இருக்கும். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"யாருக்கு மறைக்குது? காலியாத்தானே இருக்கு?"

அந்தப் பெண் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

டெய்லரம்மா தள்ளி நின்றாள். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள்.

டக்… டக்… டக்…

கால் தரைக்கு எட்டாத பிள்ளை, குதிகாலால் நாற்காலிச் சட்டத்தில் தட்டுகிற சத்தம். படத்திலிருந்து வருகிறது என்று நினைத்தாள். நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது.

திரையில் காவல்காரன் லாந்தரை உயர்த்தினான். "குட்டி… ஏ குட்டி… எங்கே இருக்கே?" என்றான். உடனே படம் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"முடிவு இல்லையா இதுக்கு?"

"இருந்துச்சு. நீளமா இருக்கு, யாரும் நின்னு பாக்கிறதில்லைன்னு வெட்டிட்டாங்க." அந்தப் பெண் சுவரைக் காட்டினாள். "முடிவு அந்த போட்டோவுல இருக்கு பாருங்க."

இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. முதல் படத்தில், ஆட்டம் முடிந்து மேடைக்கு வெளியே வந்த பொம்மலாட்டக்காரர் அந்தச் சிவப்பு நாற்காலிக்கு முன்னால் குனிந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். நாற்காலி காலி. இரண்டாவது படத்தில் அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நடக்கிறார். வலது கை மட்டும் தாழ்ந்து, விரல்கள் மடங்கியிருந்தன. ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு போவதுபோல.

"அவருக்கு ஒரே பொண்ணு," என்றாள் காவல் பணியாள், குரலைத் தாழ்த்தி. "தாய் இல்லாத பிள்ளை. எங்க ஆட்டம் நடந்தாலும் இந்த நாற்காலியில உக்காத்தி வெச்சுட்டு, 'ஆட்டம் முடிஞ்சதும் அப்பா வருவேன், அதுவரைக்கும் எந்திரிக்கக்கூடாது'ன்னு சொல்லிட்டுத் திரைக்குப் பின்னால போயிடுவாராம். காவல்காரன் காடெல்லாம் தேடிட்டு, கடைசியில லாந்தரை இந்த நாற்காலிப் பக்கம் திருப்புவான். அவர் வெளிய வந்து கையை நீட்டி, 'வா, வீட்டுக்குப் போலாம்'னு கூட்டிட்டுப் போவாரு. அதுதான் முடிவு. ஜனங்க கை தட்டுவாங்களாம்."

"பிறகு?"

"ஒரு நாள் பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். அவருக்குத் தெரியலை. அதுவும் சொல்லலை. எந்திரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல? ஆட்டம் முடிஞ்சு வந்து கையை நீட்டினாரு. அது எந்திரிக்கலை."

படம் ஓடிக்கொண்டிருந்தது. டக்… டக்…

"அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் எல்லா ஆட்டத்துக்கும் நாற்காலியைத் தூக்கிட்டுப் போனாரு. எல்லா ஆட்டத்துலயும் கையை நீட்டினாரு." அவள் எழுந்தாள். "நாளைக்கு இதையெல்லாம் பெட்டியில போட்டு ஆணி அடிச்சு வேற ஊருக்கு அனுப்புறாங்க. எனக்கு ஒரு வகையில நிம்மதிதான்க்கா. ஆனா…"

"ஆனா?"

"பெட்டிக்குள்ள இருட்டா இருக்குமேன்னு நினைச்சா சாப்பாடு இறங்கலை." வெட்கப்பட்டதுபோல் உடனே பேச்சை மாற்றினாள். "மூடுற நேரமாச்சு. மத்த ரூம்ல விளக்கை அணைச்சிட்டு வர்றேன். நீங்க மெதுவா வாங்க."

அவளுடைய பூட்ஸ் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. ஒவ்வொரு கூடமாக விளக்கு அணைந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

டெய்லரம்மா தனியாக நின்றாள்.

தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம். ஆனால் இது அந்தத் தனிமை இல்லை என்று உடம்பு சொல்லியது. மர வாசனைக்குள் இன்னொரு வாசனை மெல்லக் கலந்தது. அவளுக்குத் தெரிந்த வாசனைதான். அண்ணன் மகள் சின்னவளாக இருந்தபோது மடியில் போட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறாளே, அந்த வாசனை.

காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் தலை.

திரையில் காவல்காரன் நின்றான். லாந்தரை உயர்த்தினான்.

"குட்டி… ஏ குட்டி… எங்கே இருக்கே?"

"இங்கதான் இருக்கேன்."

குரல் படத்திலிருந்து வரவில்லை.

நாற்காலியிலிருந்து வந்தது.

படம் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. டக், டக் என்று குதிகால் பொறுமையாகத் தட்டியது. அவ்வளவு பொறுமை. எத்தனையோ முறை பதில் சொல்லியும் யாரும் வராத பொறுமை.

டெய்லரம்மா வாசலை நோக்கி நடந்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே போய்விட்டால் போதும், இந்த வாசனை இல்லை, இந்தச் சத்தம் இல்லை. பின்னால் காவல்காரன் மறுபடியும் காட்டைச் சுற்றி முடித்துவிட்டான்.

"எங்கே இருக்கே?"

"இங்கதான் இருக்கேன்."

இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

நாளைக்கு ஆணி அடித்துவிடுவார்கள். இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். எந்திரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவருடைய சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆண்டவா, என்று நினைத்தாள் டெய்லரம்மா. எனக்குப் பயமா இருக்கு. ஆனா இது குழந்தை.

பயந்தவர்களால் நல்லது செய்ய முடியாது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உலகத்தில் நடக்கிற நல்ல காரியங்களில் பாதி, கை நடுங்க நடுங்கச் செய்தவைதான்.

அவள் திரும்பி வந்தாள். நாற்காலிக்கு முன்னால் முழங்கால் வலியோடு குனிந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"ஆட்டம் முடிஞ்சு போச்சு கண்ணு. வா, வீட்டுக்குப் போலாம்."

தட்டுகிற சத்தம் நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும் கேட்டது. தன்னுடைய பைத்தியக்காரத்தனத்தை நினைத்து அவள் கையை இழுத்துக்கொள்ளப் போனாள்.

உள்ளங்கைக்குள் ஒன்று வந்து நுழைந்தது.

சின்னது. ஐந்து விரல்.

கொதித்தது.

வாசலில் காவல் பணியாள் சாவிக்கொத்தோடு காத்திருந்தாள். டெய்லரம்மா படியிறங்கியதைப் பார்த்தாள். டெய்லரம்மா குடையை இடது கையில் பிடித்து, வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போனாள். இடது தோள் நனைந்துகொண்டிருந்தது.

"அக்கா, குடையை நேராப் பிடிங்க. நனையுறீங்க பாருங்க."

டெய்லரம்மா திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். குடை நேராகவில்லை. அவளுடைய வலது கை தாழ்ந்து, விரல்கள் மடங்கியிருந்தன.

காவல் பணியாள் அந்தக் கையைப் பார்த்தாள். மெல்லக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைக் காட்டி ஒருவர் கேட்டார். "இங்க ஆள் வருதாம்மா?"

"ஆள் இருக்குங்க."

அவர் காலி இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மழையில ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு," என்று முனகிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். கையை விரித்தாள். ஒன்றும் இல்லை. உள்ளங்கை மட்டும் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் சிவந்திருந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற மர நாற்காலி காலியாக இருந்தது.

ராத்திரி படுப்பதற்கு முன்னால் அண்ணன் மகள் கூப்பிட்டாள்.

"ஸாரி அத்தை. பாவம், தனியாப் போய் ரொம்ப போரடிச்சுதா?"

"தனியா வரலடி."

"என்ன சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. உனக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்தா நெத்தியில ஈரத்துணி போடுவேனே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் அத்தை, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"எனக்கில்ல," என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

ஒரு கைத்துணியை நனைத்துப் பிழிந்து, மடித்து, அந்த நாற்காலியின் சாய்மானத்தில் போட்டாள். கடவுளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதனால் பெயரைச் சொல்லாமல் ஒரு குழந்தைக்காக வேண்டிக்கொண்டு படுத்தாள். காலையில் துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. தொட்டால் சுட்டது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

பயம் போகவில்லை. சமையலறையில் நிற்கும்போது பின்னால் டக், டக் என்று கேட்டால் கரண்டி நழுவியது. ஆனாலும் மாலையானால் துணியை நனைத்தாள். மிச்சத் துணிகளுக்குள் வெள்ளைப் புள்ளி போட்ட நீலத் துணி ஒன்று கிடைத்தது. அளவு எடுக்க ஆளைக் கண்ணால் பார்த்ததில்லை. குனிந்தபோது உள்ளங்கைக்கு வந்த அந்தக் கையின் உயரத்தை வைத்து ஒரு கவுன் வெட்டினாள். பல வருஷம் கழித்து, காசு கேட்காமல், ஆசைக்குத் தைத்தாள். முதுகுப்பக்கமும் முன்பக்கம் மாதிரியே வேலைப்பாடு வைத்தாள்.

ஒரு காலையில் துணி ஈரமாகவே இருந்தது.

எடுத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்படியென்றால் போய்விட்டது. போக வேண்டிய இடத்துக்கு, கூட்டிப்போக வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்லதுதானே? நல்லதுதான் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். வீடு அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அன்று பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு காலம் இந்த வீட்டில் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

சாயங்காலம் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கவுனுக்கு ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. இனி யாருக்கு என்று கேட்டுக்கொண்டே, பாதியில் விட மனசில்லாமல், இடது கையால் துணியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். வலது கையை மடியில் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.

டக்.

அவள் திரும்பவில்லை.

டக்… டக்…

பிறகு அந்தச் சத்தமும் நின்றது. யாரோ நாற்காலியிலிருந்து இறங்கியதுபோல் மரம் மெல்ல முனகியது.

மடியில் விரிந்திருந்த உள்ளங்கைக்குள் சின்னதாக ஒன்று வந்து நுழைந்தது.

இந்த முறை அது சுடவில்லை.