முப்பத்தொரு சதவீதம்

மாலை நான்கு பத்துக்குப் பள்ளிக் கணினியில் லினக்ஸ் நிறுவல் மூன்றாம் முறையாக முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது. சீடியைப் படிக்க முடியவில்லை, மீண்டும் முயலவா என்று திரை கேட்டது.

அனுராதா கணினியை அணைத்து மூடியைக் கழற்றினாள். மலை ஈரத்தில் கெட்டுவிடாமலிருக்க, கோடை விடுமுறைக்குப் போகும்போது கணினிப் பெட்டிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை அவளேதான் எரியவிட்டுப் போயிருந்தாள். இரண்டு மாத வெதுவெதுப்பும், எலி மூத்திரமும், அதற்கு அடியில் காலையில் கழுவாத வாயின் வீச்சமும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அடித்தன.

விடுதிக் காவலாளி செங்கோடன் குனிந்து பார்த்தார்.

"எலிக்கூடுங்க டீச்சரம்மா. புள்ளைங்க சாணியில பொதிஞ்சு ஓட்டு மேல எறியற பல்லெல்லாம் இங்க வந்து கெடக்குது பாருங்க. நீங்க வெளக்கு வெச்சு விட்டா, அது குடும்பம் நடத்தாம என்னங்க பண்ணும்?"

சிரித்துக்கொண்டே காகிதத்தில் வழித்து எடுத்துப் போனார். மேகம் உள்ளே வராமல் கதவைத் தாழிட்டாள்.

நாளை பத்து மணிக்குக் கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார். கணினி ஓடினால் ராசிபுரத்துக்கு மாறுதல் தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே இருக்கும் அவளுடைய இரண்டு வயது மகள், விடுமுறைக்குப் போய் இறங்கிய அன்று அவள் தூக்கியதும் வேற்றாளைக் கண்டதுபோல் அழுதாள்.

மறுபடி தொடங்கினாள். சீடி உள்ளே எதையோ மெல்வதுபோல் அரைத்தது. முப்பத்தொன்று. தட்டு தானாக வெளியே வந்தது.

சீடியின் மேல் ஒரு பல்.

பால்பல் இல்லை. பெரியது. வேரில் இளஞ்சிவப்புச் சதை ஒட்டியிருந்தது. எலி விட்டுப்போன மிச்சம் என்று நினைத்தாள். காகிதத்தால் பிடித்தபோது சூடு விரலில் ஏறியது. தட்டைத் தள்ளினாள்.

நாற்பத்தெட்டு.

மறுபடி தட்டு. இரண்டு பற்கள். நடுவே எச்சில் நூலாக இழுபட்டது. துடைத்தாள்.

அறுபத்திரண்டு.

அடுத்ததில் வெள்ளி அடைப்பு இருந்தது.

போன மாதம் ராசிபுரத்தில் அவள் அடைத்துக்கொண்டது. இடது கீழ்க் கடைவாய். நாக்கு அங்கே போனது. குழி. வலி இல்லை. இரத்தம் இல்லை. நாக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. அங்கும் குழி.

கை சுவிட்சுக்குப் போனது. திரையைப் பார்த்தாள்.

எழுபத்தொன்பது. மீண்டும் முயலவா?

நாளை பத்து மணி.

முந்தானையால் சீடியைத் துடைத்தாள். தட்டைத் தள்ளினாள். எண்டரை அழுத்தினாள். அரைக்கும் ஒலி இப்போது தாடைக்குள்ளும் கேட்டது. தொண்ணூறு. தொண்ணூற்றேழு.

நூறு.

தட்டு மெதுவாக வெளியே வந்தது. சீடியின் விளிம்பில் வட்டமாக, வரிசை தப்பாமல், பற்கள். நடுவில் ஈரமாக, இன்னும் அசைந்துகொண்டு, ஒரு நாக்கு.

கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்க டீச்சரம்மா, ஏறிருச்சுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க, கேட்டைப் பூட்டிட்டு வாரேன்."