பதில் தட்டாத சுவர்

திங்கட்கிழமை காலை உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்கிய ஸ்வதாவாவின் செருப்புக்கடியில் மணல் கரகரத்தது. சனிக்கிழமை சாயங்காலம்தான் அந்தத் தரையைச் சுத்தமாகப் பெருக்கி, இரண்டு வாளி மணலை ஓடைக்கரையில் கொட்டிவிட்டு வந்திருந்தாள். அதற்குப் பிறகு யாரும் அங்கே வேலை செய்யவில்லை. அவள் புருஷன் செனெக் முதுகுவலி என்று ஒரு வாரமாக உளியையே தொடவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பின்சுவரின் அடியில் ஒரு முறம் அளவுக்குப் புது மணல் குவிந்திருந்தது.

மணல் உதிர்வது பீஸ்கோவில் அதிசயமில்லை. கோட்டை நிற்கிற மணற்பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அந்த ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் பாறைக்குள் குடைந்த ஒரு நிலவறை. கிழங்கு, ஆப்பிள், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பீர்ப் பீப்பாய் எல்லாம் அதற்குள்தான். ஆனால் தானாக உதிர்கிற மணல் சுவர் நெடுகப் பரவலாக விழும். இது ஓரிடத்தில் குவிந்திருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினாள். நவம்பர் மாதக் குளிரில், சூரியனையே பார்க்காத அந்த அறையில், மணல் வெதுவெதுப்பாக இருந்தது.

கிழங்கை எடுக்காமலேயே மேலே வந்தாள். செனெக் மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கீழே மணல் கொட்டிக் கிடக்கு."

"கொட்டட்டும்." அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான். "கெழவன் மும்முரமா வேலை பாக்கறான்."

"எந்தக் கெழவன்?"

"வேற யாரு? பக்கத்து வீட்டு மகராசன் போஹுமில்தான். போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கான். நான் பதிலே குடுக்கல."

ஸ்வதாவாவுக்குச் சுரீர் என்றது. பீஸ்கோவில் குடிகாரன்கூட மறக்காத வழக்கம் அது. நிலவறையை ஒரு சாண் பெரிதாக்க நினைக்கிறவன், உளியை வைக்குமுன் சுத்தியல் காம்பால் சுவரில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு நூறு எண்ணும் நேரம் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டுத் திரும்பி வந்தால், இங்கே ஆள் இருக்கிறது, வேறு பக்கம் திரும்பு என்று பொருள். பதில் வராவிட்டால் யாரும் இல்லை, தோண்டலாம். தேன்கூடு மாதிரி அறைகள் நெருங்கிக் கிடக்கிற பாறையில் ஒருவர் கூரை இன்னொருவர் தலையில் விழாமல் காப்பாற்றுவது இந்த மூன்று தட்டுதான். வெட்டுப்பழி குத்துப்பழி என்று நிற்கிறவன் தட்டினாலும் பதில் தட்டிவிடுவார்கள்.

இவர்களுக்குள் அப்படிப்பட்ட பழியும் ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலி தாண்டி நீட்டிக்கொண்டிருந்த வாதுமைக் கிளையைப் போஹுமில் கேட்காமல் வெட்டிவிட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் முகங்கொடுத்துப் பேச்சில்லை.

"பதில் குடுக்கலேன்னா தோண்டிக்கோன்னு சொன்ன மாதிரி ஆச்சே!" என்றாள்.

"அதுதான் எனக்கு வேணும். தோண்டிட்டு வரட்டும். சுவரை உடைச்சிட்டு மூக்கை நீட்டறப்ப லபக்குனு புடிச்சு, இழுத்துக்கிட்டுப் போயி ஊர்ச்சபை முன்னால நிறுத்தறேன். அப்புறம் பீர்க்கடைப் பக்கம் தலைகாட்டுவானா?"

"அவன் வீடு நமக்கு இடப்பக்கம். பின்சுவர்ல எப்படித் தட்டுவான்?"

"வளைச்சுக்கிட்டு வர்றான். நரிப்புத்தி அவனுக்கு. உனக்கென்ன தெரியும் பாறையைப் பத்தி, கரிக்காரிக்கு?"

ஓஸ்த்ராவாவின் நிலக்கரிச் சுரங்கத் தெருவிலிருந்து அவள் கல்யாணமாகி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஊர் இன்னும் அவளைக் கரிக்காரி என்றுதான் சொல்கிறது. கோட்டை வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிக்கிற வேலை பார்த்தும் அந்தப் பெயர் போகவில்லை. பீர்க்கடையில் கேலியாகவும், தேவாலயத்தில் முணுமுணுப்பாகவும் வரும். கோபம் வந்தால் புருஷன் வாயிலும் வரும். அவள் ரொட்டித் தட்டைக் கழுவப் போனாள். மண்ணுக்கடியில் கேட்கிற சத்தத்தை எந்த வீட்டில் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்களோ, அந்த மாதிரி வீட்டில் பிறந்தவள் அவள்.

அன்று மத்தியானம் மறுபடியும் இறங்கினாள். கோட்டையைச் சீசன் முடிந்து பூட்டியிருந்தார்கள். மூடுபனி பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டிருக்க, ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்காத நேரம். முளைவிட்ட கிழங்கின் வாடையும் முட்டைக்கோஸ் புளிப்பும் எப்போதும் போல மூக்கில் ஏற, அவற்றுக்கு அடியில் இதுவரை அங்கே இல்லாத வேறொரு வாடையும், வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த கல்லில் முதல் தண்ணீர் தெளித்தால் எழும்புமே அந்த வாடையும் மெல்ல மெல்லக் கலந்து வர, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்சுவரில் காதை வைத்தாள்.

டொக். டொக். டொக்.

சுத்தியல் காம்பின் சத்தமில்லை அது. மரம் கல்லில் பட்டால் ஒரு வெற்றொலி இருக்கும். இது கல்லின் மேல் கல் படுகிற சத்தம். மரியாதையாக, அவசரமில்லாமல், யாரோ கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் போல. அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். நாற்பது எண்ணுவதற்குள் கை தானாகச் சுவரை நோக்கி உயர்ந்தது.

பின்னாலிருந்து செனெக் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தட்டினே, பாரு! ஒரு வார வேலையைக் கெடுத்துடாத."

"செனெக், இது மனுஷன் தட்டற மாதிரியே இல்ல."

"வாயை மூடு, கேட்டுடப் போறான்."

இருவரும் இருட்டில் நின்றார்கள். நூறு ஆனது. சொல்லிவைத்தாற்போல அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. உளி இறங்குகிற ஓசை ஒன்றுகூட இல்லை. வெறும் தேய்ப்பு. நின்று, நின்று, உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டுகிற தேய்ப்பு. பாறை அவ்வளவு தடிமனாக இருந்தும் காலுக்கடியில் தரை அதிர்வதை அவள் உணர்ந்தாள். செனெக் குதூகலத்தில் கையைத் தேய்த்துக்கொண்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மணி நாலு ஆவதற்கு முன்பே வெளிச்சம் மங்கிவிட்டது. செனெக் குட்டித்தூக்கம் போடுகிற நேரமாகப் பார்த்து ஸ்வதாவா வேலியைச் சுற்றிக்கொண்டு போஹுமிலின் முற்றத்துக்குப் போனாள். காலில் விழுந்தாவது நிறுத்தச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

கதவைத் திறந்த போஹுமில் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அடேயப்பா! கரிக்காரி நம்ம வாசப்படி ஏறியிருக்கா. வெட்டின கிளையை ஒட்டவைக்கச் சொல்ல வந்தியா?"

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தோண்டறதை நிறுத்திடுங்க. அவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நானா? தோண்டறேனா?"

அவன் போர்வையை விலக்கினான். வலது கை தோளிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டில் கிடந்தது. "ஏணியிலேர்ந்து விழுந்து மூணு வாரமாச்சு. சட்டைப் பொத்தான் போட்டுக்கவே மக வரவேண்டியிருக்கு. எவன் சொன்னான் நான் தோண்டறேன்னு?"

அவள் தட்டு, மணல், பின்சுவர் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்கக் கிழவனின் முகத்திலிருந்த கேலி வடிந்தது.

"பின்சுவரா? நல்லாப் பாத்தியா?"

"பின்சுவர்தான்."

"உங்க பின்சுவருக்கு அந்தாண்ட கோட்டைப் பாறைம்மா. அதுக்குள்ள எவனும் அறை வெட்டினதில்ல. என் அப்பன் வெட்டல, அவன் அப்பனும் வெட்டல." குரலைத் தாழ்த்தினான். "எத்தனை நாளாப் பதில் குடுக்கல?"

"ஏழு நாளு."

"ஏழு நாளும் தட்டித் தட்டிக் கேட்டிருக்கு. ஏழு நாளும் யாரும் இல்லேன்னு சொல்லியிருக்கீங்க." அவன் பின்வாங்கினான். "போ. இப்பவே போய்ப் பதில் தட்டு."

"நீங்களும் வாங்கய்யா. நீங்க சொன்னாத்தான் அவர் நம்புவாரு."

"நான் எதுக்கு வரணும்? கிளை வெட்டினதுக்கு என்னைத் திருடன்னான் உன் புருஷன். போடி!"

கதவை அறைந்து சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஏதோ கனமான பொருளை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

பனியில் வழி தெரியவில்லை. வேலியைக் கையால் தடவித் தடவி ஓடினாள். வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. அடுப்பங்கரையில் காப்பிக் கோப்பையில் ஆவி. படுக்கை காலி. நிலவறைக் கதவும் திறந்திருந்தது.

"செனெக்!"

கீழேயிருந்து சிரிப்பு. அவனுடைய சிரிப்புதான்.

"ஓடியா, ஓடியா! மாட்டிக்கிட்டான்!"

படிகளில் சறுக்கி இறங்கினாள். விளக்கு எரிந்தது. கணுக்கால் புதைய மணல். பின்சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஓட்டை. செனெக் அதற்குள் வலது கையைத் தோள்வரை நுழைத்து, கன்னத்தைப் பாறையில் அழுத்திக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வெற்றி.

"ஓட்டை விழுந்ததும் கையை விட்டேன் பாரு, அப்படியே பிடி கெடைச்சுது! கெழவனுக்கு என்னா உரம்கிற! போ, ஊர்ல எல்லாரையும் கூட்டிட்டு வா."

"விடு."

"என்னது?"

"கையை விடு, செனெக். போஹுமில் அவன் வீட்டுல இருக்கான். இப்பத்தான் பேசிட்டு வர்றேன். கையில மாவுக்கட்டு."

அவன் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

"நான் விட்டுட்டேன்," என்றான். குழந்தை மாதிரி இருந்தது குரல். "அப்பவே விட்டுட்டேன், ஸ்வதாவா."

அவள் பாய்ந்து அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். பாறையில் முட்டியை ஊன்றி இழுத்தாள். ஒரு விரற்கடை வந்தது. இரண்டு விரற்கடை போனது. எதுவும் வெடுக்கென்று இழுக்கவில்லை. பொறுமையாக, கிணற்றுக் கயிற்றை இழுப்பதைப் போலப் போனது. அவன் தோள் ஓட்டையில் நெரிந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவள் மார்புக்குள் கேட்டது. அவன் அலறினான். அவள் பிடியை இறுக்கினாள். விட்டால் போய்விடுவான். விடமாட்டாள்.

அப்போது இடப்பக்கச் சுவரில் தட்டு.

டொக். டொக். டொக்.

"இருக்கோம்!" என்று கத்தினாள். "இங்க ஆள் இருக்கோம்!"

கத்தல் அந்தச் சுவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தட்டத்தான் வேண்டும். கை இல்லை. இரண்டு கையும் செனெக்கின் இடுப்பில். எண்ண ஆரம்பித்தாள். முப்பது. ஐம்பது. இடச்சுவர் ஒரு முழத் தூரம்தான். எட்டிச் சாய்ந்தாள். கழுத்து நரம்பு தெறித்தது. நெற்றியால் மோதினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கண்ணில் ரத்தம் வழிந்தது. காத்திருந்தாள். இடச்சுவர் அடங்கியது. தேய்ப்பு இல்லை. மணல் இல்லை. கேட்டால் கேட்கிறது! சொன்னால் புரிந்துகொள்கிறது! அவளுக்கு அழுகை வந்தது.

"தட்டிட்டேன், செனெக்! புடிச்சுக்கோ, விட்டுடாத, நான் தட்டிட்டேன்!"

அவன் காதுவரை பாறைக்குள் போயிருந்தான்.

டொக். டொக். டொக்.

வலச்சுவர். கிழங்குக் குவியலுக்கு அப்பால். நாலு எட்டுத் தூரம்.

காலை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. செருப்பைக் கழற்றி உதறி எறிந்தாள். கிழங்கின் மேல் சத்தமில்லாமல் விழுந்தது. இன்னொன்றையும் எறிந்தாள். அதுவும் அங்கேயே விழுந்தது. எழுபது. எண்பது. பிடியைத் தளர்த்தினாள். அவன் உடம்பு உடனே ஒரு சாண் நழுவியது. மறுபடி கட்டிக்கொண்டாள்.

தொண்ணூறு.

"இருக்கோம்," என்றாள், சத்தமே வராமல்.

நூறு.

வலச்சுவரில், அவள் கண்ணெதிரே, ஆள் உயரத்தில் ஓரிடத்திலிருந்து மணல் கொட்டத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு இடத்திலிருந்து. அதற்கும் பக்கத்தில் இன்னொரு இடத்திலிருந்து. கூரைவரை, சுவர் முழுக்க.